டீசல் குழாய் மாற்றுதல்

டீசல் குழாய் மாற்றுதல் என்பது நெடுநாள் ஓடாமல் நின்ற சிறு சரக்குந்தை மீண்டும் இயக்க, முதலில் செய்யவேண்டிய பணிகளுள் ஒன்றாகும். மதுரை அருகே கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை போன்ற இடங்களில் சரக்கேற்றப் பயன்படும் டாட்டா 207 வகைப் பழைய டீசல் வண்டிகளுக்கு இது பொருந்தும்.

காரணம்

வெப்பத்தாலும் வயதாலும் ரப்பர் குழாய் இறுகி வெடிக்கிறது. தொட்டியிலிருந்து பம்பு வரையுள்ள பகுதியில் டீசல் உறிஞ்சப்படுவதால், அங்குள்ள வெடிப்பில் பெரும்பாலும் ஒழுக்கு தெரியாது. காற்றுதான் உள்ளே புகும். வண்டி கிளம்பி உடனே அணைந்துவிடும். இதைப் பம்புப் பழுது எனக் கருதி வீண் செலவு செய்வோர் உண்டு. பம்புக்கு முன் ஒளிபுகும் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தினால், காற்றுக் குமிழிகள் தெரியும்.

செய்முறை

1. பேட்டரி இணைப்பைக் கழற்றவேண்டும்.
2. தொட்டியிலுள்ள பழைய டீசல், நீர், கசடு ஆகியவற்றை வடிக்கவேண்டும்.
3. அதே உள்விட்டமுள்ள டீசல் குழாய், புதிய கிளிப், புதிய வடிகட்டி ஆகியவற்றைப் பொருத்தவேண்டும். தண்ணீர்க் குழாய் கூடாது.
4. வடிகட்டியின் காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப்பம்பை அடிக்கவேண்டும்.

எச்சரிக்கை

பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குச் செல்லும் எஃகுக் குழாய்க்கு மாற்றாக ரப்பர் கூடாது. அங்குக் கசிவைக் கையால் தேடினால், உயர் அழுத்த டீசல் தோலைத் துளைக்கும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.