வயிற்றில் அறுவை, தோளில் வலி!

பித்தப்பையில் கல் என்று ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை நடக்கிறது. வயிற்றில் நான்கு சிறு துளைகள், அவ்வளவுதான். மறுநாள் எழுந்து உட்காருகிறார். துளையிட்ட இடங்களில் பெரிய வலி இல்லை. வலது தோள்தான் விண்விண் என்று தெறிக்கிறது! தோளை யாரும் தொடவே இல்லையே? பார்க்க வந்த உறவினர், "வாயுப் பிடிப்பு, வேறொன்றுமில்லை" என்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஒரு தடவை அவர் சொன்னது சரியே. ஆனால் அது எந்த வாயு என்று அவருக்குத் தெரியாது.

இவ்வகை அறுவைக்கு லேப்ராஸ்கோப்பி என்று பெயர். ஜெர்மானிய மருத்துவர் எரிக் மூஹே 1985-இல் இம்முறையில் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். வயிற்றறைக்குள் உறுப்புகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. கருவியைத் திருப்ப இடம் வேண்டாமா? அதற்காகக் கரியமில வாயுவைச் செலுத்தி, வயிற்றுச் சுவரைக் கூடாரம்போல் உயர்த்துகிறார்கள். அழுத்தம் 12 முதல் 15 மி.மீ. பாதரசம், அதாவது, அதிகபட்சம் சுமார் 20 செ.மீ. உயரமுள்ள தண்ணீர் தரும் அழுத்தம்.

சாதாரணக் காற்றையே செலுத்தினால் என்ன? இரத்தக் கசிவை நிறுத்த உள்ளே மின்கருவியால் சுடுவார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் எரிதலுக்குத் துணைபோகும். கரியமில வாயு போகாது. மேலும் அது ஆக்சிஜனைவிட இருபது மடங்குக்கும் மேலாக நீரில் கரையக்கூடியது. ஆகவே இரத்தத்தில் கரைந்து, நுரையீரலை அடைந்து, மூச்சோடு வெளியேறிவிடும்.

அறுவை முடிந்ததும் வாயுவை வெளியேற்றுவார்கள். என்றாலும் சிறிது தங்கிவிடுகிறது. கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழி எப்போதும் மேட்டுப் பக்கமே ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் அதே கதைதான். நோயாளி எழுந்து உட்கார்ந்தால், வயிற்றறையின் கூரையான உதரவிதானத்தின் அடியில் வாயு போய்த் தங்குகிறது. அங்குள்ள ஈரத்தில் கரைந்து கார்பானிக் அமிலமாகி உறுத்துகிறது. படுத்தால் வலி குறைவது இதனால்தான். இந்த வாயு குடலுக்கு வெளியே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சோடா குடித்து எத்தனை ஏப்பம் விட்டாலும் அது வராது!

சரி, உதரவிதானம் உறுத்தினால் தோள் ஏன் வலிக்க வேண்டும்? கருவில் உதரவிதானம் கழுத்துப் பகுதியில்தான் தோன்றுகிறது. பிறகு கீழே இறங்குகையில் தன் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. தண்டுவடத்தில் அந்த நரம்பு சேருமிடத்திலேயே தோள்பட்டைத் தோலின் நரம்புகளும் சேருகின்றன. மூளைக்குத் தோளிலிருந்து செய்தி வந்துதான் பழக்கம். ஆகவே வயிற்றுக்குள்ளிருந்து வந்த செய்தியையும் தோளின் கணக்கில் எழுதிவிடுகிறது.

பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் இவ்வலி அடங்கிவிடும். ஆனால் இதே நரம்பு வழியே வேறு செய்திகளும் வரக்கூடும். உதரவிதானத்தின் அடியில் இரத்தமோ சீழோ சேர்ந்தாலும் தோள்தான் வலிக்கும். மாரடைப்பின் வலி தோளிலும் கையிலும் தெரிவதும் இதுபோன்ற கணக்குப் பிழையாலேயே. 'வாயுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்து உயிரை விட்டவர்கள் உண்டு. காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சு இறுக்கம், வியர்வை, நாளுக்கு நாள் கூடும் வலி இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வீடு திரும்பியவரை மெல்ல நடக்கச் சொல்வார்கள். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் பம்பு போல இயங்கி இரத்தத்தை மேலே தள்ளும். காலில் இரத்தம் உறையும் அபாயம் குறையும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பலத்த இருமலில் வயிற்றறை அழுத்தம் 100 மி.மீ.ஐயும் தாண்டும், அறுவையின்போது செலுத்திய வாயுவின் அழுத்தத்தைப்போல் ஆறேழு மடங்கு! வெளியிலிருந்து தலையணை எதிர்த்து அழுத்தினால் தையல்மீது விழும் இழுவிசை குறைகிறது. கனமான குடத்தைத் தூக்கும்போதும் அழுத்தம் ஏறத்தான் செய்யும். புண் மேலே ஆறிவிட்டதுபோல் தோன்றினாலும், தழும்பு தன் வலிமையைப் பெற மூன்று மாதங்கள் வரை ஆகும். அப்போதும் பழைய தோலின் வலிமையில் ஐந்தில் நான்கு பங்குதான் அதற்கு இருக்கும்.