மணியும் சரடும்

அதிக மூலதனமோ, தனி அறையோ, நெடுநாள் சிட்சையோ வேண்டாமல், ஒரு தட்டும் ஓர் ஊசியும் கைப்பிடி மணிகளும் கிடைத்தால் போதும் என்று ஓய்வான ஒரு பிற்பகலில் தொடங்கிவிடக்கூடிய கைவேலைகள் சிலவே உண்டு. அவற்றுள் மணி கோத்து மாலையும் கைச்சரமும் தொங்கட்டானும் செய்துகொள்ளும் வேலைக்கே முதலிடம் தரவேண்டும் என்பது என் அபிப்பிராயம். தையலில் கத்தரிக்கோல் தவறினால் துணி பாழ். சித்திரத்தில் கை தவறினால் காகிதம் பாழ். மணி வேலையிலோ, வரிசை பிசகிவிட்டது என்று கண்டால் சரட்டை உருவிவிட்டு மறுபடி முதலிலிருந்து கோக்கலாம், மணிக்கு ஒரு குந்தகமும் நேர்வதில்லை. புதிதாகப் பழகுகிறவருக்கு இதைக் காட்டிலும் தாராளமான ஆசான் வாய்ப்பது அரிது.

எளிதாக இருப்பதனாலேயே இதை அற்பமென்று தள்ளிவிடலாகாது. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து பார்த்ததை நாம் ரோமானிய வாணிகத்தின் பொருட்டே பெரும்பாலும் நினைவு கூர்கிறோம். ஆனால் அந்த மண்ணில் கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் ஏராளமாகக் கிடைத்தன என்பதும், அங்கே மணி செய்யும் தொழில் சிறந்திருந்தது என்பதும் அதற்குச் சற்றும் குறையாத விசேஷம். உருகிய கண்ணாடியிலிருந்து உள்ளே துளையோடிய நீண்ட குழலை இழுத்து, ஆறியபின் அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, சாம்பலோடு கலந்து மறுபடியும் சூடேற்றிக் கிளறினால், சாம்பல் துளையை அடைத்து நிற்பதனால் துளை மூடிக்கொள்ளாமலே விளிம்புகள் மாத்திரம் மழுங்கி உருண்டு மணியாகின்றன. இம்முறையில் செய்த சிறு மணிகள் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை முதல் கொரியா, ஜப்பான் வரையில் அகப்பட்டிருப்பதால் ஆராய்ச்சியாளர் அவற்றை இந்தோ-பசிபிக் மணிகள் என்றே வழங்குகின்றனர். திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் இந்தத் தொழில் நம் காலம் வரையில் பிழைத்து வந்திருக்கிறது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலிலோ, பளிங்கும் சூதுபவளமும் செவ்வந்திக்கல்லும் பாதி தீட்டியபடியும் துளையிடாதபடியும் கிடைத்து, பட்டறை நடந்த விதத்தையே நமக்குப் பிரத்தியட்சமாகக் காட்டுகின்றன. இத்தனை மணிகளும் கிடைத்தன. அவற்றைக் கோத்த சரடுகளோ மண்ணோடு மண்ணாய்ப் போயின.

இன்று வீட்டில் செய்யும் மாலைக்கும் இதே கதிதான், காலந்தான் குறுகியது. மாலை அறுந்தது என்று சொல்லும்போது அறுந்தது சரடேயன்றி மணியன்று. அப்படியிருக்க, புதிதாகத் தொடங்குகிறவர்கள் கையிலுள்ள பணம் முழுவதையும் மணிக்கே கொட்டிவிட்டு, தையல் பெட்டியில் கிடக்கும் பருத்தி நூலில் அவற்றைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வதை எங்கும் காண்கிறோம். பருத்தி நூல் வியர்வையில் நனைந்து நனைந்து இற்றுப்போகும். தூண்டில்காரர் நரம்பு என்று சொல்லும் ஒற்றை நைலான் இழை, ஊசியில்லாமலே துளையில் நுழையும் ஆகையால் சிறுவர்க்கு உகந்தது. என்றாலும் நாளடைவில் விறைத்து ஒடியும் சுபாவம் அதற்கு உண்டு. கண்ணாடி மணிக்கும் கல்மணிக்கும், துளையின் விளிம்பு கூராக இருக்குமாதலால், மெல்லிய எஃகு இழைகளை முறுக்கி மேலே நைலான் பூசிய கியர் வயரே உத்தமம். ஒரு முறை மடிந்துவிட்டால் அந்த மடிப்பு நிமிராது என்பதை மட்டும் நினைவில் வைத்து, அதைச் சுருளாகவே பாதுகாக்க வேண்டும். முத்துக்குப் பட்டு நூல்தான் சம்பிரதாயம். ஒவ்வொரு முத்துக்கும் அடுத்த முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சிட்டுக்கொண்டே போவது வெறும் அலங்காரத்துக்காக அன்று: முத்தோடு முத்து உராய்ந்து மெருகு தேயாமல் காப்பது ஒன்று, நூல் அறுந்தாலும் ஒரே முத்து மாத்திரம் உருண்டோடி மற்றவை இருந்த இடத்திலேயே நிற்பது மற்றொன்று. முடிச்சு தளர்ந்தால் இரண்டு பயனும் இல்லை. ஆகவே முடிச்சு வளையத்துக்குள் ஊசியைச் செலுத்தி, ஊசி முனையாலேயே முடிச்சை முத்தின் வாய் வரையில் நகர்த்திக்கொண்டு போய், அங்கே இறுக்கியபின் ஊசியை உருவுவார்கள். இதற்குப் பொறுமை வேண்டும். முதல் வேலையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் வேலைக்கு ஏற்றது எலாஸ்டிக் நூலில் கோக்கும் கைச்சரம். கொக்கி வேண்டியதில்லை, குறடு வேண்டியதில்லை, ஒரே ஒரு முடிச்சோடு காரியம் முடிந்துவிடும். ஆனாலும் அளவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மணிக்கட்டின் சுற்றளவு 16 சென்டிமீட்டர் என்று அளந்து, அதே நீளத்துக்கு 10 மில்லிமீட்டர் மணிகளைக் கோத்தால், சரம் கையில் ஏறி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். துளை வழியே செல்லும் நூல் தோலை ஒட்டிச் செல்வதில்லை, அரை மணிக் கனம் விலகியே வட்டமிடுகிறது என்பதுதான் காரணம். இந்தப் பருத்த மணிக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் கூட்டி, 19 மணிகளாகக் கோத்தால் சரம் கையைச் சுற்றி இதமாக அமரும். 4 மில்லிமீட்டர் பொடி மணியானால் ஒன்றேகால் சென்டிமீட்டர் கூட்டினாலே போதுமானது. கோப்பதற்கு முன்பே எலாஸ்டிக் நூலை இரு கையாலும் பலமுறை இழுத்து விடவேண்டும். இல்லையேல் அணிந்த சில நாட்களிலேயே அது தானாக நீண்டு, மணிகளுக்கிடையே நூல் பல்லிளிக்கும். முடிச்சிடும்போது வழக்கமாக ஒரு சுற்றுச் சுற்றுமிடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்து, அந்த முடிச்சை அகன்ற துளையுள்ள ஒரு மணிக்குள் தள்ளி மறைப்பது முறை. கடையில் விற்கும் உடனடிப் பசையை அதன்மேல் சொட்டும் வழக்கம் பரவியிருக்கிறது. அது காய்ந்ததும் நூலை விறைக்கச் செய்து, எந்த இடத்தைக் காக்க விரும்பினோமோ அந்த இடத்திலேயே ஒடியச் செய்யும்.

கைச்சரம் கைவந்தபின் கழுத்து மாலைக்குப் போகலாம். 45 சென்டிமீட்டர் நீளமுள்ள மாலை பெரும்பாலோருக்குக் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். 6 மில்லிமீட்டர் மணியானால் அதற்குக் கணக்கு 75, கொக்கியின் நீளத்துக்கு ஒன்றிரண்டைக் கழித்துக்கொள்ளலாம். இங்கே கவனிக்க வேண்டியது முனை கட்டும் விதம். கியர் வயரின் நுனியில், கடைக்காரர் கியர் லாக் என்று கொடுக்கும் கடுகளவு உலோகக் குழலைக் கோத்து, பின் கொக்கியின் வளையத்தில் வயரை நுழைத்து, அதே குழல் வழியாகவே திருப்பிக் கொண்டுவர வேண்டும். வளையம் சற்றே அசைய இடம் விட்டு, ஊசிமூக்குக் குறட்டால் குழலை நசுக்கினால் அது இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்விக்கொள்ளும். இடம் விடாமல் இறுக்கிவிட்டால், அசைவுதோறும் கொக்கி அந்த ஒரே இடத்தில் வயரைத் தேய்க்கும். மிஞ்சிய நுனியை அங்கேயே கத்தரித்துவிடுவது அவசரக்காரர் செய்கை. ஓர் அங்குலம் விட்டு, அதை அடுத்த இரண்டு மூன்று மணிகளுக்குள் செருகிய பிறகே கத்தரிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பிடரியில் முள்ளாகக் குத்தும். மறுமுனையைக் கட்டுமுன் மாலையை வட்டமாக வளைத்துப் பார்க்க வேண்டும். நேராகக் கிடக்கும்போது நெருங்கியிருந்த மணிகளுக்கு வளையும்போது கொஞ்சம் இடைவெளி தேவைப்படும். மாலை கம்பியாக விறைத்து நின்றால், இறுக்கம் அதிகம் என்று அறிந்து ஒரு நூலளவு தளர்த்திக்கொள்ளலாம்.

ஒற்றைச் சரம் அலுத்துப்போனவர்களுக்குப் பூப்பின்னல் இருக்கிறது. ஒரே அளவான வெள்ளை மணிகள் ஆறும், நடுவே மஞ்சள் மணி ஒன்றும் இருந்தால் ஒரு பூ. ஆறு வெள்ளை மணிகளைக் கோத்து, ஊசியை முதல் மணிக்குள் மறுபடி செலுத்தி இழுத்தால் வளையம் உண்டாகும். பிறகு மஞ்சள் மணியைக் கோத்து, அதை வளையத்தின் நடுவில் படுக்க வைத்து, எதிரே இருக்கும் நான்காம் மணிக்குள் ஊசியைச் செலுத்தி இழுக்க, மஞ்சள் மணி நடுவில் பதிந்து இதழ்கள் சுற்றிலும் சமமாக விரிந்துவிடும். சம அளவான ஒரு வட்டத்தைச் சுற்றி அதே அளவான ஆறு வட்டங்கள் இடைவெளியின்றி அமையும் என்ற க்ஷேத்திரகணித உண்மைதான் விரலடியில் இப்படிப் பூத்து நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் இதைக் கரும்பலகையில் எழுதிப் படித்த காலத்தில் ஒருவருக்கும் இத்தனை பிரியம் உண்டானதில்லை. மணிகள் அளவில் ஏறுமாறாக இருந்தால் மட்டும் பூ கோணிக்கொள்ளும். ஆகவே இந்த வேலைக்கு மணியை முன்கூட்டியே பொறுக்கித் தரம் பிரிப்பது அவசியம்.

வாங்குமிடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் பாரிமுனையை ஒட்டிய தெருக்களில் மணி மொத்தமாகக் கிடைக்கும். மற்ற ஊர்களில் வளையல் கடைகளிலும் தையற்பொருள் கடைகளிலும் விசாரிக்கலாம். பொடி மணிகளுக்கு இலக்கம் உண்டு, அந்த இலக்கம் தலைகீழானது: 6 என்றால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர், 8 என்றால் 3, 11 என்றால் 2, எண் ஏற ஏற மணி சிறுக்கும். போஹீமியப் பகுதியைச் சேர்ந்த யாப்லோனெட்ஸ் ஊர் இத்தகைய கண்ணாடி மணிக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. ஜப்பானிய மணிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதால் பின்னல் வேலைக்கு உகந்தவை, விலையும் அதற்கேற்றபடி அதிகம். நம் கடைகளில் சரத்துக்குச் சரம் வண்ணமடித்து அடுக்கியிருக்கும் மலிவான மணிகளில் சில, முதல் வியர்வையிலேயே சாயம் விட்டுச் சட்டைக் கழுத்தைக் கறையாக்கிவிடும். இரண்டொரு மணியை வாங்கிவந்து, நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, நிறம் ஏறவில்லை என்று கண்டபிறகு மொத்தமாக வாங்குவது விவேகம். துளை நடுவில் இருக்கிறதா, உள்ளே கண்ணாடித் துணுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூச்சப்பட வேண்டாம். நீண்ட குழல் மணிகளுக்கு இரு முனையும் கத்தியாக இருக்கும். அவற்றின் இரு பக்கத்திலும் ஒவ்வோர் உருண்டை மணியைக் காவல் வைத்துக் கோத்தால் நூல் பிழைக்கும். கொக்கியிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். மட்ட உலோகத்தில் நிக்கல் கலந்திருந்தால் சிலருக்குத் தோல் அரித்துத் தடிக்கும்.

வேலைக்கு உட்காரும்போது எவர்சில்வர் தட்டில் ஒரு தேங்காய்ப்பூத் துண்டை விரித்து அதன்மேல் மணியைக் கொட்டிக்கொண்டால், ஒன்றுகூட உருளாது, ஊசி முனையால் எடுக்கவும் வாகாக இருக்கும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அது உறங்கும்போது மட்டும் இந்தத் தட்டை வெளியே எடுக்க வேண்டும்; தரையில் தவறிய ஒரு மணி அதன் தொண்டைக்குப் போக அதிக நேரம் ஆகாது.

நாலு மாலை கோத்ததும் இதை விற்றுப் பணம் பண்ணலாமே என்ற யோசனை அநேகருக்கு உதிக்கிறது. நவராத்திரிக்கு வைத்துக் கொடுக்கவும், பெண் குழந்தைகளுக்குப் பாவாடை நிறத்துக்கு ஏற்றபடி அணிவிக்கவும் இந்த மாலைகள் மிகவும் ஏற்றவை. வியாபாரமாகச் செய்வதென்றாலோ, மணியின் விலையோடு நம் நேரத்தின் விலையையும் கூட்டிச் சொல்லும் துணிவு வந்தபின் இறங்குவதே நல்லது.

அந்த நேரத்தின் விலையை அறிந்துகொள்ள வேறெங்கும் போகவேண்டியதில்லை. கோயில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் சாக்கை விரித்து உட்கார்ந்து, குறடும் கம்பியும் கையுமாகப் பாசிமணி கோத்துக்கொண்டிருக்கும் நரிக்குறவப் பெண்களின் அருகே சிறிது நேரம் நின்று அவர்களது விரல்களைக் கவனியுங்கள். பார்வை சுற்றிலும் வாடிக்கைக்காரரைத் தேடிக்கொண்டிருக்க, விரல்கள் பார்வையின் உதவியின்றியே கம்பியை முறுக்கி முடிப்பதைக் காண்பீர்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்டபின் ஒரு மாலையை, அவர்கள் சொல்லும் விலைக்கே, பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.