நீர்மேல் நின்ற நகரம்

விடுமுறைக் காலத்தில் வெனிஸ் நகரைக் காணப் புகும் குடும்பத்தார், புகைவண்டி நிலையத்தின் படிகளில் இறங்கியவுடன் திகைத்து நிற்பர். எதிரே தெருவில்லை, கால்வாயே கிடக்கும். ஆங்கு வண்டிக்கு அஞ்சிக் குழந்தைகளின் கையைப் பற்ற வேண்டுவதில்லை. நீருக்கு அஞ்சியே பற்றல் வேண்டும்.

இத்தாலியின் வடகீழ்க் கரையில், காயலொன்றின் நடுவே, 100க்கு மேற்பட்ட சிறு தீவுகளின்மீது அமைந்தது இந்நகர். சேற்று நிலம் மாளிகைகளை எங்ஙனம் தாங்கிற்று? பண்டையோர் மரமுளைகளை நெருக்கமாக அறைந்து, அவற்றின்மேல் பலகையும் கல்லும் பரப்பிச் சுவர் எழுப்பினர். காற்றுப் புகாச் சேற்றில் புதைந்த மரம் எளிதில் மட்குவதில்லை. 1591இல் முற்றுப்பெற்ற ரியால்டோக் கற்பாலம் இன்றும் அத்தகைய முளைகளின்மீதே நிற்கிறது.

சிறுவர் பெரிதும் விரும்புவது கொண்டோலா என்னும் கரிய படகு. ஓடக்காரன் பின்புறம் நின்று, வலப்பக்கத்தில் ஒரே துடுப்பால் உந்துவான். படகு இடப்பக்கம் திரும்பிவிடாதோ எனின், திரும்பாது. தச்சர் அதன் இடப்பக்கத்தைச் சற்று அகலமாக்கிக் கோணலாகவே கட்டுகின்றனர். அக்கோணலே படகை நேரே செலுத்துகிறது!

நகரைக் காத்த நீரே அதற்குப் பகையும் ஆயிற்று. 1966 நவம்பர் 4ஆம் நாள் கடலோதம் 194 சென்டிமீட்டர் உயர்ந்து ஊரை மூழ்கடித்தது. காயலின் மூன்று வாயில்களிலும் அமைத்த எழுகதவுகள் 2020 அக்டோபரில் முதன்முறையாக ஓதத்தைத் தடுத்தன.

காண வருவோரின் கூட்டம் மற்றோர் ஓதம். வீடுகள் பல விடுதிகளாயின. 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த பழநகரில், 2022இல் 50,000 பேரும் இல்லை. ஆகவே, 2024ஆம் ஆண்டில், குறித்த சில நாள்களில், வந்த அன்றே திரும்புவோரிடம் நுழைவுக் கட்டணம் பெறத் தொடங்கினர். 14 வயதுக்குட்பட்ட சிறுவர்க்கு அக்கட்டணம் இல்லை.