பட்டறைத் தளத்தின் அடிமண்

கொடைக்கானல் மலையடிவாரத்துக் கெங்குவார்பட்டியில் ஒருவர் பட்டறை அமைக்க முற்படுகிறார் என்று கொள்வோம். கடன் பெற்றுக் கடைசல் இயந்திரம் வாங்கியிருப்பார். தளம் ஓர் ஓரத்தில் சிறிது தாழ்ந்தாலும் அதன் மட்டம் குலைந்துவிடும். தடிப்பைக் கூட்டினால் போதுமெனப் பலர் எண்ணுகின்றனர். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அடியில் மண் ஓரிடத்தில் இறங்கினால் தளம் வளைந்து வெடிக்கும்.

மலைநீர் கொணர்ந்து சேர்த்த மண் சீராக இராது. ஒரே மனையில் இங்கே சரளை, அங்கே களி என்றிருக்கும். ஆகவே வேரும் மக்கும் நிறைந்த மேல்மண்ணை அறவே நீக்குதல் வேண்டும். கடப்பாரை எளிதில் இறங்கும் இடங்களைத் தோண்டிச் சரளையிட்டு நிரப்புக. கரிசலாயின் கவனம் மிகுதியும் தேவை. அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும்.

நிரப்புமண்ணை ஒருசேரக் கொட்டித் திமிசு போடுவது வீண், மேற்புறமே இறுகும். 6 அங்குலப் படைகளாகப் பரப்பி ஒவ்வொன்றையும் இறுக்குக. ஈரமும் அளவோடிருக்க வேண்டும். இதனை அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர் 1933-இல் விளக்கினார். ஈரம் குறைந்தால் துகள்கள் நெருங்கா. மிகுந்தால் நீரே இடத்தை அடைத்துக்கொள்ளும். இதற்கு ஆய்வுக்கூடம் தேடி அலைய வேண்டுவதில்லை. களி கலந்த மண்ணாயின் ஒரு பிடி எடுத்து உருட்டி, இடுப்பளவு உயரத்திலிருந்து விடுங்கள். பொடியாய்ச் சிதறினால் நீர் போதாது. சப்பையாய் ஒட்டினால் மிகை. சில துண்டுகளாக உடைந்தால் சரி.

இறுகிய பரப்பில் நடந்து பாருங்கள். குதிகால் பதியுமானால் மீண்டும் திமிசு எடுக்க வேண்டியதுதான். பதியாவிடில் 4 அங்குலச் சல்லிப்படை இட்டுக் கான்கிரீட் வேலையைத் தொடங்கலாம்.