மலச்சிக்கல் ஒரே நோயல்ல

மருந்துக் கடையில் "மோஷன் சரியாப் போகல" என்று சொன்னால் போதும், பேதி சிரப் கைக்கு வந்துவிடும். வந்திருப்பவர் நான்கு நாளுக்கு ஒரு முறை போகிறவரா, தினமும் போயும் அரை மணி நேரம் முக்குகிறவரா, போய் வந்த பின்னும் மிச்சம் இருப்பதாகத் தவிக்கிறவரா என்று யாரும் கேட்பதில்லை. இந்த மூவருக்கும் கோளாறு வெவ்வேறு இடத்தில் இருக்கலாம். ஒருவருக்குக் குணம் தரும் மருந்து இன்னொருவருக்கு வயிற்று உப்புசத்தைக் கூட்டிவிடும். ஆண்டுக்கணக்கில் அவதிப்படுகிறவர்கள் சிரப்பை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, தமக்கு எந்த வகை என்று கண்டறியச் சொல்லி மருத்துவரிடம் கேட்பது மேல்.

எண்ணிக்கை மட்டும் போதாது

வாரத்துக்கு மூன்று முறைக்குக் குறைவாகப் போனால் மலச்சிக்கல் என்பது பழைய கணக்கு. நம் ஊரில் பெரும்பாலோர் தினமும் ஒரு முறையாவது போய்ப் பழகியவர்கள். அந்தக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டால் அவர்கள் படும் பாடு கண்ணில் படாது. குடல் கோளாறுகளுக்கான சர்வதேச வரையறையாக 2016இல் வந்த ரோம் 4 எண்ணிக்கையோடு வேறு ஐந்து குறிகளையும் பார்க்கிறது. முக்குதல், கட்டியாகப் போதல், முழுதும் போகாத உணர்வு, ஆசனவாயில் அடைபட்ட உணர்வு, விரலால் எடுக்கவோ அழுத்தவோ வேண்டியிருத்தல் ஆகியவை அவை. மொத்தம் ஆறில் இரண்டு குறிகளேனும் இருக்க வேண்டும். தொந்தரவு தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்து, கடைசி மூன்று மாதமும் நீடித்திருந்தால் அது நாள்பட்டது.

கூடவே வயிற்று வலி அடிக்கடி வந்து, மலம் கழிப்பதை ஒட்டி அது கூடிக் குறைந்தால், எரிச்சல் குடல் நோயின் மலச்சிக்கல் வகையாக இருக்கலாம்.

முதலில் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், அலுமினியம் கலந்த அமிலநீக்கி, ரத்த அழுத்தத்துக்கான வெரபமில், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், புற்றுநோய் வலிக்கான மார்ஃபின் எல்லாமே குடலை மந்தப்படுத்தக் கூடியவை. தைராய்டு சுரப்புக் குறைவு, நீண்டகாலச் சர்க்கரை நோய், பார்க்கின்சன் நோய் ஆகியவற்றாலும் மலச்சிக்கல் வரும். இவற்றை விலக்காமல் வகை பிரிக்கப் புகுவது வீண்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, ஐம்பது வயதுக்குப் பின் திடீரென மாறிய மலப் பழக்கம், குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் கொலோனோஸ்கோப்பி பற்றி உடனே மருத்துவரிடம் பேசுங்கள். படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு நீர்போல் மலம் கசிந்தால் பேதி என்று நினைத்து அதை நிறுத்த மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இறுகிக் கிடக்கும் மலத்தைச் சுற்றிக்கொண்டு நீர் மட்டும் வழிந்து வரலாம்.

மூன்று வகை

வேறு நோயோ மருந்தோ காரணமில்லை என்றால் மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். சிலருக்கு இரண்டு கலந்தும் இருக்கும்.

பலருக்கு மலம் குடலில் நகரும் வேகம் சரியாகவே இருக்கும். ஆனாலும் இறுக்கமும் உப்புசமும் தொல்லை தரும். நார்ச்சத்தும் இசப்கோலும் இவர்களுக்கு நன்றாகவே உதவும்.

இரண்டாவது வகையில் பெருங்குடலின் அசைவே மந்தமாகிவிடுகிறது. இளம் பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. நாள் கணக்கில் உந்துதலே வராது. இவர்கள் தவிட்டையும் கீரையையும் அளவுக்கு மீறிச் சேர்த்தால் வயிறு ஊதுவதுதான் மிச்சம்.

மூன்றாவது, நம்மிடையே அதிகம் தவறவிடப்படும் வகை. மலம் ஒழுங்காக மலக்குடல் வரை வந்துவிடும், வெளியேறத்தான் வழி இருக்காது. முக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசையும் இடுப்புத்தளத் தசையும் இறுகிக்கொள்ளும். உள்ளே தாழிட்ட கதவைத் தள்ளுவதைப் போன்றது இது. பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு மலக்குடலின் முன்சுவர் பிறப்புறுப்புப் பக்கம் பிதுங்கி, மலம் அங்கே தங்கிவிடும். பிறப்புறுப்பின் பின்சுவரை விரலால் அழுத்தினால்தான் சிலருக்கு மலம் இறங்கும். இதை வீட்டிலும் சொல்ல மாட்டார்கள், மருத்துவரிடமும் சொல்ல மாட்டார்கள். நோயை அடையாளம் காட்டும் மிக முக்கியமான தகவலே இதுதான். தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

எப்படிக் கண்டறிகிறார்கள்

உறை அணிந்த விரலை ஆசனவாயில் விட்டு, "மலம் கழிப்பதுபோல் முக்குங்கள்" என்று மருத்துவர் சொல்வார். அப்போது தசை தளர்கிறதா இறுகுகிறதா என்பது விரலுக்கே தெரியும். இரண்டு நிமிட வேலைதான். கூச்சத்தால் நோயாளியும், நேரமில்லாமல் மருத்துவரும் இதைத் தவிர்ப்பது பெரும் இழப்பு.

நார்ச்சத்தும் சாதாரண மலமிளக்கியும் பலிக்காதபோது அடுத்த கட்டச் சோதனைகள் வரும். சுமார் 50 மில்லி நீர் நிரப்பிய சிறு பலூனை மலக்குடலில் வைத்து வெளித்தள்ளச் சொல்வார்கள். பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். தசைகளின் அழுத்தத்தை அளக்க மேனோமெட்ரி உண்டு. குடலின் வேகத்தை அறிய, எக்ஸ்ரேயில் தெரியும் 24 சிறு வளையங்கள் அடங்கிய மாத்திரையை விழுங்கச் சொல்லி, ஐந்தாம் நாள் படம் எடுப்பார்கள். ஐந்துக்கு மேல் உள்ளே தங்கியிருந்தால் குடல் மந்தம் என்று பொருள். ஆனால் வாசலில் அடைப்பு இருந்தாலும் மேலே வேகம் குறையும். அதனால் வாசல் சோதனையை முதலில் செய்வதே முறை.

வகைக்கு ஏற்ற வைத்தியம்

திருநெல்வேலிச் சீமையின் நிலாவாரை உலகச் சந்தையில் ஊர்ப் பெயராலேயே அறியப்படுவது. குடல் அசைவைத் தூண்டும் அதன் சத்து இன்றைய மாத்திரைகளிலும் இருக்கிறது. மந்தக் குடலுக்கு அதுவும், பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியும், தேவைப்பட்டால் புருகலோபிரைடும் மருத்துவர் சொல்லும் அளவில் பயன்படும்.

தசை தளராதவர்களுக்கு மருந்தைவிடப் பயிற்சிதான் பிரதானம். பயோஃபீட்பேக் என்னும் இந்த முறையில், தசை இறுகுவதையும் தளர்வதையும் திரையில் பார்த்தபடியே சரியாக முக்கப் பழகுகிறார்கள். சில வாரங்களில், சில அமர்வுகளில் பெரும்பாலோருக்குப் பலன் கிடைக்கிறது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் பாதத்துக்கு அடியில் சிறு முக்காலி போட்டு முட்டியை உயர்த்தினால் மலக்குடலின் வளைவு நேராகும்; குந்தி உட்காரும்போதும் இதுவேதான் நடக்கிறது.

எதுவும் பலிக்காத கடும் மந்தக் குடலுக்குப் பெருங்குடலை அகற்றும் அறுவை சிகிச்சை அரிதாகச் செய்யப்படுகிறது. வாசல் தசைகள் ஒழுங்காக இயங்குகின்றன என்று சோதித்து உறுதி செய்யாமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள். அங்கே கோளாறு இருந்தால் குடலை எடுத்த பிறகும் முக்கல் தொடரும்.