ஓடும்போதே நின்றுவிடும் பழைய வண்டி: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

நம் வணிக நண்பர்களில் பலர் இன்னும் பழைய மாருதி வேனை நம்பித்தான் கடை நடத்துகிறோம். 1984-இல் வந்து, பின்னர் ஆம்னி என்று பெயர் பெற்ற அந்த வண்டியின் உற்பத்தி 2019-இல் நின்றுபோயிற்று. ஆனாலும் நாலு மூட்டை பருப்பையும் ஆறு டின் எண்ணெயையும் ஏற்றிக்கொண்டு சந்துக்குள் நுழைய அதைப்போல் தோதான வண்டி நமக்கு வாய்க்கவில்லை.

ஸ்டார்ட்டே ஆகாத வண்டியால் பெரிய தொல்லை இல்லை. மெக்கானிக் வருவார், பார்ப்பார், சரிசெய்வார். தொல்லை தருவது, ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று, அரைமணி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி கிளம்பும் வண்டிதான். பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே அருமையாக ஓடும். கோளாறு கண்ணில் படாதபோது மெக்கானிக்தான் என்ன செய்வார்? சந்தேகப்பட்ட பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுவார். பணம் நம்முடையது.

நமக்கே இது நேர்ந்தது. மதுரை கீழமாசி வீதியில் சரக்கை ஏற்றிக்கொண்டு திருமங்கலம் திரும்பும்போது, கப்பலூர் வந்ததும் வண்டி இரண்டு மூன்று முறை இழுத்து இழுத்து நின்றுவிடும். எல்லா நாளும் அல்ல. வாரத்துக்கு ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். அடுத்து காயில் மாற்றினோம். பிறகு பெட்ரோல் பம்பு. 6,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. வீட்டில் சொன்னார்கள் என்று முன்பக்கம் எலுமிச்சம்பழமும் கட்டினோம். கப்பலூரில் நிற்பது மட்டும் நிற்கவில்லை.

மாதக் கடைசியில் சிட்டையைப் புரட்டியபோதுதான் ஒன்று தென்பட்டது. சரக்குத் தாமதமாக வந்த நாள்களைக் குறித்து வைத்திருந்தோம். அந்த நாள் ஒவ்வொன்றிலும் செலவுப் பக்கத்தில் ‘பெட்ரோல், டாங்க் முழுக்க’ என்று இருந்தது. பெட்ரோல் போடாத நாளில் வண்டி நின்றதே இல்லை! திருமங்கலத்தில் நமக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் தம்பியிடம் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அண்ணாச்சி, அடுத்த தடவை நின்னதும் வேற எதையும் தொடாதீங்க. டாங்க் மூடியை மட்டும் திறந்து, சத்தம் வருதான்னு கேளுங்க” என்றார்.

அப்படியே செய்தோம். ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் வந்தது. மூடியைப் போட்டுச் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. காரணம் நாம் செய்த வேலைதான். மூடியின் ரப்பர் வாஷர் போய்விட்டதால் டாங்க் நிறைந்திருக்கும்போது வளைவுகளில் பெட்ரோல் சிந்தியது. அதைத் தடுக்க நம் கடைப் பாலிதீன் பை ஒன்றை வாயில் விரித்து அதன்மேல் மூடியைத் திருகியிருந்தோம். பழைய வண்டிகளில் டாங்க் மூச்சு விடுவது மூடியிலுள்ள சிறு துளை வழியாகத்தான். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டாங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்பினால் பெட்ரோலை இழுக்க முடியாமல் போகும். டாங்க் பாதியாக இருந்தால் உள்ளே காற்று நிறைய இருக்கிறது. ஒன்றரை லிட்டர் குறைவது பெரிதாகத் தெரியாது. டாங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்று இருப்பதே லிட்டர் கணக்கில் ஒன்றிரண்டுதான். அதே ஒன்றரை லிட்டர் செலவானதும் பம்பு திணறிவிடும். மதுரையில் டாங்கை நிரப்பினால் கப்பலூரில் நின்றதன் ரகசியம் இதுதான். சும்மா நிறுத்தி வைத்தால் மெல்ல மெல்லக் காற்று கசிந்து உள்ளே போகும். வண்டி மறுபடி ஓடும்.

ஆகவே பாகம் வாங்கும் முன் நாம் செய்ய வேண்டியது சிட்டை எழுதுவது. வண்டி நின்ற நேரம், கிளம்பி எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று, வெயிலா மழையா, சிக்னலில் நின்றதா வேகத்தில் நின்றதா, பாரம் எவ்வளவு, டாங்கில் பெட்ரோல் எவ்வளவு, எத்தனை நிமிடம் கழித்து மறுபடி கிளம்பியது. நாலைந்து முறை எழுதினால் போதும். கணக்கில் வித்தியாசம் வந்தால் எல்லாப் பேரேட்டையும் கிழித்துவிட்டுப் புதிதாக வாங்குவோமா? எந்தப் பதிவில் இடறியது என்றுதானே தேடுவோம்!

அடுத்தது, வண்டி நின்ற முதல் ஐந்து நிமிடம். கோளாறு கைக்கு அகப்படும் நேரம் அதுதான். என்ஜின் ஆறிவிட்டால் தடயமும் போய்விடும். வண்டியை ஓரங்கட்டிய பிறகு, சாவியைத் திருப்பி டாஷ்போர்டு விளக்குகளைப் பாருங்கள். என்ஜின் ஓடாமல் சாவி மட்டும் ஆனில் இருக்கும்போது பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் கரண்ட்டே வரவில்லை. பேட்டரி டெர்மினல், எர்த் வயர், பியூஸ், சாவி சுவிட்சு இவற்றில் ஒன்று லூசாக இருக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது நிற்கும் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் கதை. நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கடை ஷட்டர் சாவி, குடோன் சாவி, கல்லாச் சாவி எல்லாவற்றையும் வண்டிச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்துத் தொங்கவிடுகிறோம். அந்தக் கொத்து ஆடி ஆடிச் சுவிட்சின் உள்பாகம் தேய்ந்துவிடுகிறது. என்ஜின் ஓடும்போது சாவியை லேசாக அசைத்துப் பாருங்கள். அசைவுக்கு என்ஜின் தடுமாறினால் சுவிட்சை மாற்றுங்கள், கொத்தையும் பிரித்துவிடுங்கள்.

விளக்குகள் சரியாக எரிந்தால், குறை பொறியிலா பெட்ரோலிலா என்று பார்க்க வேண்டும். சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நின்றால் பொறி. இழுத்து இழுத்து, திக்கித் திணறி நின்றால் பெட்ரோல். விலக்கு உண்டு, ஆனாலும் பெரும்பாலும் பொய்க்காது. உறுதி செய்யச் சோதனை இருக்கிறது. பெட்ரோல் வாடை அடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு, பிளக் வயர் ஒன்றைக் கழற்றி, கையிருப்பிலுள்ள பிளக்கில் மாட்டி, அதன் உலோகப் பகுதி என்ஜினைத் தொடும்படி வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பிளக்கையோ வயரையோ கையால் பிடிக்கக் கூடாது. வயரை வெறுமனே தொங்கவிட்டுச் சுழற்றுவதும் தவறு. எலெக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் அந்தப் பாகம் கெட்டுப்போகலாம். பளிச்சென்று நீலப் பொறி வந்தால் அந்தப் பக்கம் குற்றமில்லை.

பொறி வராமல், ஆறியபின் வந்தால் காயிலைச் சந்தேகியுங்கள். காயிலுக்குள் இற்றுப்போன கம்பி, சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். பாயிண்ட் உள்ள பழைய வண்டியில் கண்டென்சரும், எலெக்ட்ரானிக் வகையில் டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் பிக்கப்பும் மாடியூலும் இதே குணத்தைக் காட்டும். மழையில் மட்டும் நின்றால் டிஸ்டிரிபியூட்டர் மூடியில் கீறலும் ஈரமும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பெட்ரோல் பக்கத்தைப் பார்க்க, சாவியை அணைத்துவிட்டு ஏர் கிளீனர் குழாயைக் கழற்றிக் கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுக்க வேண்டும். மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்சினால் வரத்து இருக்கிறது. பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தாரை வராவிட்டால் முதலில் டாங்க் மூடி. அடுத்து பில்ட்டர். பழைய டாங்கில் துருத்தூள் சேர்ந்து உறிஞ்சு குழாயின் வாயை அடைப்பதும் உண்டு. வேகத்தில், பாரத்தில் வண்டி நின்றுவிடும், சற்று ஓய்ந்தால் தூள் கீழே விழுந்து வழி விடும். அப்போது பம்பை எத்தனை முறை மாற்றினாலும் பலனில்லை. டாங்கை இறக்கிக் கழுவ வேண்டும்.

சித்திரை வெயிலில், நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும் நின்றால் அது மெக்கானிக்குகள் ஏர் லாக் என்று சொல்லும் கோளாறு. என்ஜின் சூட்டில் குழாயிலும் பம்பிலும் பெட்ரோல் ஆவியாகிவிடும்; ஆவியைப் பம்பினால் தள்ள முடியாது. நனைத்த துணியைப் பம்பின்மேல் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து, வண்டி கிளம்பினால் விடை கிடைத்துவிட்டது. சைலன்சர் குழாயில் தண்ணீர் படக் கூடாது. ரேடியேட்டர் மூடியையும் சூட்டோடு திறக்கக் கூடாது. பெட்ரோல் குழாய் சூடான இடத்தை உரசிச் செல்கிறதா, சூட்டைத் தடுக்கும் தகடு கழன்று போயிற்றா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று: நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் 10 சதவீதத்தையும் 2025-இல் 20 சதவீதத்தையும் எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களையும் பம்பின் டயாபிரத்தையும் நாளடைவில் கெடுக்கும். குழாய் பிசுபிசுப்பாகவோ வெடித்தோ இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். அது கோளாறு மட்டும் அல்ல, தீப்பிடிக்கும் ஆபத்தும்கூட.

சிக்னலில் கிளட்சை மிதித்ததும் நின்று, வேகத்தில் நன்றாக ஓடும் வண்டிக்கு ஐடில் ஜெட் அடைப்போ காற்றுக் குழாயில் வெடிப்போ இருக்கும், செலவு சொற்பம். எம்.பி.எப்.ஐ. வகை வண்டியில் கார்புரேட்டரே கிடையாது. சாவியை ஆன் செய்ததும் டாங்கிலிருந்து இரண்டு மூன்று விநாடி ‘ம்ம்’ என்ற ஒலி வர வேண்டும். வராவிட்டால் பம்பு அல்லது அதன் ரிலே. ஒலி வந்தும், சூட்டில் பட்டென்று நின்று ஆறியபின் ஓடினால் கிராங்க் சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள். என்ஜின் விளக்கு எரியாததால் கோளாறு இல்லை என்று எண்ண வேண்டாம். இந்த சென்சார் பல நேரம் விளக்கை எரியவிடாமலே ஏமாற்றும்.

ஓடும் வண்டி நின்றால் பதற்றத்தில் சாவியை உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பூஸ்டர் உள்ள பிரேக், என்ஜின் நின்றபின் ஒன்றிரண்டு மிதிக்கே உதவும். அப்புறம் கல்போல் இறுகிவிடும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரங்கட்ட வேண்டும். பின்னால் மூட்டைகள் இருந்தால் இன்னும் பலமாக மிதிக்க வேண்டியிருக்கும். வண்டிக்குப் பொறுப்பாகப் பையனை அனுப்புகிறவர்கள், காலியான மைதானத்தில் ஒருமுறை என்ஜினை அணைத்து இதைப் பழக்கிவிடுங்கள். சாவியை ஆனிலேயே விட்டு அவனே மிதித்துப் பார்க்கட்டும்.