பத்திரத்தில் ஓர் எழுத்து

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் தமிழன்பர்களில் பலர், சொந்த வீடு வாங்க இயலாவிடினும் நீண்ட காலக் குத்தகைக்கு ஓர் அடுக்கு வீட்டையேனும் பெற்று நிம்மதியுடன் வாழ விழைகின்றனர். அவ்வாறு பெறுங்கால் எழுதப்படும் பத்திரத்தில் நேரும் பிழைகளையும், அவற்றைத் திருத்தும் வழிகளையும் பற்றிச் சில வார்த்தை எழுதத் துணிகின்றேன். நான் சட்டம் பயின்றவனல்லன். மெட்ரிகுலேஷன் தேறி ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன். எனினும், எங்கள் வீட்டிலேயே நேர்ந்த அனுபவம் மற்றவர்க்கும் பயன்படலாம் என்பது என் எண்ணம்.

என் தந்தையார் வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைப்பை நாடிச் சித்தூருக்கு வந்தவர். தெலுங்கு சரளமாகப் பேசுவார். ஆனால் வாசிக்க அறியார். பிற்காலத்தில் திருப்பதியில் ஓர் அடுக்கு வீட்டை 30 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றார். பத்திரம் தெலுங்கில் எழுதப்பட்டது. அன்று நான் இரவுப் பணி முடித்து வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தேன். தெலுங்குப் பள்ளியில் படித்த என்னை எழுப்பி உடன் அழைத்திருக்கலாம். மகனின் உறக்கத்தைக் கலைக்க மனமில்லாமல் அவர் தனியே சென்று கையெழுத்திட்டு வந்தார்.

பதினோரு ஆண்டுகள் சென்றபின் அவர் காலமானார். எஞ்சிய 19 ஆண்டுகளுக்கு என் அன்னையாருக்கு இருந்த நிழல் அந்த வீடு ஒன்றே. குத்தகை உரிமையை அவர் பெயருக்கு மாற்றுவதற்காகப் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்து வாசித்தபோதுதான் இரண்டு பிழைகள் என் கண்ணில் பட்டன.

முதலாவது, பெயர். நாம் தகப்பனாரின் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்கிறோம். ஆந்திர நாட்டு வழக்கிலோ பெயருக்கு முன் வருவது ‘இண்டி பேரு’ எனப்படும் குடும்பப் பெயர். பத்திரம் எழுதியவர், தலைப்பெழுத்தைக் குடும்பப் பெயரென்று கருதி, பாட்டனாரின் பெயரை முழுவதுமாக முன்னே சேர்த்து எழுதிவிட்டார். இத்துடன் எழுத்துக்களின் தொல்லையும் உண்டு. இக்காலத் தெலுங்கில் ழகரம் இல்லை. ‘பழனி’ என்பது ‘பளனி’ என்றாகிறது. இரண்டாவது பிழை, மாடி. தரைத்தளத்தை ஒன்றென எண்ணுவோரும் உளர், எண்ணாதோரும் உளர். நாங்கள் குடியிருந்தது முதல் மாடி. பத்திரத்திலோ இரண்டாம் மாடி என்றிருந்தது.

இவை அற்பப் பிழைகளன்றோ என்று சிலர் எண்ணக்கூடும். பார்சல் ஆபீஸில் வேலை பார்ப்போர் அவ்வாறு எண்ணமாட்டார்கள். வே-பில்லில் ஊரின் பெயர் மாறினால் ரேணிகுண்டாவுக்கு வரவேண்டிய மூட்டை கூடூரில் கிடக்கும். ரிஜிஸ்தர் ஆபீஸிலும் அவ்வாறே. 1908-ஆம் ஆண்டு ரிஜிஸ்திரேஷன் சட்டத்தின்படி அங்கே அட்டவணைகள் வைக்கப்படுகின்றன. முதல் அட்டவணை ஆட்களின் பெயர்வாரியானது, இரண்டாவது சொத்துவாரியானது. வில்லங்கம் பார்ப்பவர் இவ்வட்டவணைகளைக் கொண்டே தேடுகிறார். பெயர் பிழையானால் முதலாவதில் அகப்படாது. மாடியோ சர்வே நெம்பரோ பிழையானால் இரண்டாவதில் அகப்படாது. எங்கள் பத்திரம் இரண்டிலும் வழிதவறி நின்றது.

மற்றொன்றையும் நாம் உணரவேண்டும். நம் நாட்டில் பதியப்படுவது பத்திரமே. உரிமைக்குச் சர்க்கார் உத்தரவாதம் அளிப்பதில்லை. 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் என்பவர் ஏற்படுத்திய முறையில், பதிவேட்டில் உள்ள பெயரே உரிமைக்குச் சான்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள நம் உறவினர் அறிந்தது அம்முறை. இங்கு அவ்வாறன்று. ஆகவே குத்தகை கொடுப்பவருக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டா என்பதை மூலப் பத்திரங்களைக் கொண்டு நாமே ஆராய வேண்டும். அன்றியும், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை கட்டாயம் பதியப்பட வேண்டும். பதியாத காகிதத்தைக் கொண்டு நீண்ட காலக் குத்தகையைக் கோர்ட்டில் நிலைநாட்ட இயலாது. பத்திரம் எழுதிக் கையெழுத்திட்ட நான்கு மாதங்களுக்குள் அதனைப் பதிவுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இனி, பிழை திருத்தும் வழிகளைக் கூறுவேன். மூலப் பத்திரம் சரியாயிருந்து ஆபீஸ் ஏட்டிலோ அட்டவணையிலோ மட்டும் பிழை நேர்ந்திருந்தால், மூலப் பத்திரத்தைக் காட்டிச் சப் ரிஜிஸ்திராரிடம் மனுச் செய்யலாம். அவருக்கு மேல் ஜில்லா ரிஜிஸ்திராருக்கு மேற்பார்வை அதிகாரம் உண்டு. பத்திரத்திலேயே பிழையிருந்தால், இரு தரப்பாரும் சேர்ந்து பிழைதிருத்தப் பத்திரம் எழுதிப் பதியவேண்டும். அதில் முந்திய பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் தவறாது குறிக்கப்பட வேண்டும். எதிர்த் தரப்பார் இணங்காவிடில், 1963-ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீப் சட்டத்தின் 26-வது பிரிவின்படி சிவில் கோர்ட்டை நாடலாம். ஆனால் பிழை இரு தரப்பாருக்கும் பொதுவானது, அல்லது மோசடியால் நேர்ந்தது என்று அங்கே நிரூபிக்க வேண்டும். ‘இரு பெயரும் ஒருவரையே குறிக்கும்’ என்று நாமே எழுதிக்கொடுக்கும் பிரமாணப் பத்திரம் மூலப் பத்திரத்தைத் திருத்திவிடாது.

நாங்கள் இரண்டாவது வழியை மேற்கொண்டோம். ஆனால் குத்தகை கொடுத்த பெரியவர் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். அவர் மறைந்தால், மூன்று ஊர்களில் வாழும் அவர் வாரிசுகள் அனைவரின் கையெழுத்தையும் பெற வேண்டியதாகும். அவர்களில் ஒருவர் முன்னமே வீட்டைக் காலி செய்யும்படி பேச்செடுத்திருந்தார். உடல்நலம் குன்றியவரின் இல்லத்துக்கே பதிவு அதிகாரி வருவதற்குச் சட்டத்தில் இடமுண்டு என்று ஒரு நண்பர் கூறினார். மனுக் கொடுத்தோம். குறித்த நாளில் அதிகாரி வந்தார். அன்னையாரும் தங்கையும் நானும் தந்தையாரின் வாரிசுகளாகக் கையெழுத்திட்டோம். பெரியவருக்குக் கை நடுங்கிற்று.

“எழுத வரவில்லை அம்மா, விரலைப் பதிக்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் ஒரு மாதமும் வாடகை தவறியதில்லை” என்று அவர் அன்னையாரிடம் கூறினார்.

“ஐயா, அது போதும்” என்று கண் கலங்கினார் அன்னையார். இரண்டு மாதத்தில் அப்பெரியவரும் காலமானார்.

திருப்பதியில் வீடு தேடுவோர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோயில்களுக்கும் மடங்களுக்கும் அறநிலையங்களுக்கும் உரிய நிலம் நிறைந்த க்ஷேத்திரம் அது. ரிஜிஸ்திரேஷன் சட்டத்தின் 22-ஏ பிரிவின்கீழ் அத்தகைய நிலங்கள் தடைப்பட்டியலில் சேர்க்கப்படுகின்றன; பட்டியலில் உள்ள நிலத்தின் பத்திரம் பதியப்படாது. ஆகையால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சர்வே நெம்பரைக் கொண்டு அப்பட்டியலைப் பார்த்துவிடுவது நலம். 1983-க்குப் பிந்திய வில்லங்கங்களைக் கணினி வழியே காணலாம். முந்தியவற்றுக்கு ஆபீஸுக்கே செல்ல வேண்டும்.

பழைய பத்திரத்தில் ஜில்லாவின் பெயர் வேறாயிருப்பது கண்டு கலங்க வேண்டியதில்லை. 1911-க்கு முன் சித்தூர் வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. அவ்வாண்டில் தனி ஜில்லாவாயிற்று. 1953-இல் சென்னை ராஜ்யத்திலிருந்து பிரிந்து ஆந்திரத்தில் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி நம் தமிழ்நாட்டுக்கு வந்தது. சத்தியவேடுப் பக்கம் ஆந்திரத்துக்குச் சென்றது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம். பத்திரம் எழுதிய நாளில் வழங்கிய பெயர் அதில் இருப்பது பிழையன்று.

அன்பர்களே! கையெழுத்திடுவதற்கு முன் தெலுங்குப் பத்திரத்தின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்யுங்கள். ஆதார் அட்டையில் உள்ள பெயரையும் பத்திரத்துப் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வீட்டில் வாசிப்பவர் இல்லையெனில், ஞாயிற்றுக்கிழமை மாலையில் நம் சங்கத்துக்கு வாருங்கள், நான் அங்கிருப்பேன். இரவுப் பணி முடித்து நான் உறங்கிக்கொண்டிருந்தால், தயங்காமல் எழுப்புங்கள்.